பேட்ஜின் முதுகு

ஓட்டுநரின் சாவிக்கொத்தில் தொங்கிக்கொண்டிருந்ததை ஏதோ சோடா பாட்டில் மூடி என்றுதான் பெரில் ஓல்ட்ராய்ட் முதலில் நினைத்தாள்.

மேட்டுத்தெருவின் கடைசி நிறுத்தத்தில் பேருந்து ஏழு நிமிடம் நிற்கும். அந்த வியாழக்கிழமை மழையில் அவள் ஒருத்திதான் பயணி, முன் இருக்கையில். மடியில் அட்டைப்பெட்டி; அதற்குள் நாற்பத்திரண்டு சிறிய அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பேட்ஜின் பெயர், காலம், அணிந்த படை, எல்லாம் அவள் கையெழுத்தில். ஞாயிற்றுக்கிழமை, போர்களில் இறந்தவர்களுக்கான நினைவு நாள். பதினொரு மணிக்குச் சதுக்கத்தில் மௌனம், அதற்குப் பிறகு பழைய பயிற்சிக் கூடத்தில் ஏக்கன்ஷா ஊரிலும் சுற்று ஊர்களிலும் அந்தக் காலத்தில் தாமாகவே சேர்ந்து துப்பாக்கி பிடித்த தொண்டர் படைகளின் பேட்ஜுகளைக் கண்ணாடிப் பேழையில் வைத்துத் திறக்கப் போகிறார்கள். ஊரே வரும். எந்தப் பேட்ஜ் எது என்று சொன்னவள் பெரில் என்பதும் ஊருக்குத் தெரியும்.

எஞ்சின் நடுக்கத்தில் சாவிக்கொத்து ஆடியது. ஆடி, மெல்லத் திரும்பிக்கொண்டது. ஒரு கணம் அதன் முதுகு பெரிலின் பக்கம் வந்தது.

அவள் முன்னால் சாய்ந்து பார்த்தாள்.

பதினாறு வயதில் பர்மிங்காமில் பட்டனும் பேட்ஜும் அடிக்கும் பட்டறையில் சேர்ந்தவள் அவள். கல்யாணமாகி யார்க்‌ஷருக்கு வரும்வரை அச்சழுத்தும் எந்திரத்தின் முன்னால் நின்றவள். உலோகத் தகடு அச்சுக்குள் போய் அடி வாங்கும்போது முன்பக்கம் மேடாவதெல்லாம் பின்பக்கம் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தின் ஓரங்களில் தகடு இழுபட்ட மெல்லிய வரிகள் ஓடும். உருக்கி வார்த்த போலிக்கு அந்த வரி கிடையாது. அதன் முதுகு அம்மை விழுந்த முகம்போலச் சொரசொரத்துக் கிடக்கும். இதில் வரி இருந்தது. அழுக்கும் வெள்ளைப் பிசினும் அடைத்திருந்தாலும் இருந்தது.

"அந்தச் சாவியில தொங்குதே, அதைக் கொஞ்சம் பாக்கலாமா?"

ஓட்டுநர் திரும்பவில்லை. கண்ணாடியில் அந்தப் பெண்ணின் கண்கள் மட்டும் தெரிந்தன. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"எதுக்கு? ரெண்டு வருஷம் முன்னாடியே பாத்தீங்களே. அஞ்சு செகண்டு பாத்தீங்க. அது போதலையா?"

பெரில் பெட்டியை இருக்கையில் வைத்துவிட்டு எழுந்து முன்னால் போனாள்; அப்போதுதான் ஓட்டுநரின் சட்டையிலிருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தாள். லோர்னா சக்டன்.

சக்டன். நினைவு எங்கோ போய்த் தேட வேண்டியிருக்கவில்லை. கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்ததுபோல உள்ளே வந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன், பேட்ஜ் சேகரிப்பாளர் சங்கம் பயிற்சிக் கூடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நாள். வீட்டில் கிடக்கும் பழைய பேட்ஜைக் கொண்டுவாருங்கள், என்னவென்று சொல்கிறோம் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். வரிசை வாசல்வரை நின்றது. மேசைக்குப் பின்னால் பெரில்; அவளைச் சுற்றிச் சங்கத்து ஆண்கள். கிளிஃபர்ட் சக்டன் என்ற கிழவர், நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு வந்திருந்தார். சிவப்புக் கம்பளித் துணியில் தைத்த ஒரு பேட்ஜ். தன் தாத்தா சேத் சக்டன் தொண்டர் படையில் அணிந்தது என்றார். பேட்ஜில் எதுவுமே தெரியவில்லை. கிரீடம் ஒரு மேடு, அதன் கீழே இன்னொரு மேடு, அடியில் எழுத்தே இல்லாத ஒரு பட்டை. சோப்புக்கட்டியைப்போல வழவழவென்று இருந்தது.

அந்த மாதம் லீட்ஸ் சந்தையில் வார்ப்புப் போலிகள் கூடை கூடையாக வந்திருந்தன. விவரம் மழுங்கியிருந்தால் சந்தேகப்படு என்று எல்லாரும் எல்லாரையும் எச்சரித்துக்கொண்டிருந்த நேரம்.

"தையலைப் பிரிச்சுத் திருப்பிப் பாக்கலாமா?" என்று அவள் கேட்டாள்தான்.

"வேண்டாம்மா. என் சம்சாரம் தச்சது. போன வருஷம்தான் போனா."

திருப்பிப் பார்க்க முடியாது என்றால் சொல்ல முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் மேசைக்கு மேலே தொங்கிய அட்டையில், அவள் கையெழுத்திலேயே, சங்கத்தின் இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று: தேய்க்காதே. இரண்டு: திருப்பிப் பார்க்காமல் வாய் திறக்காதே. ஆனால் வரிசை நீண்டிருந்தது. ஆண்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'பெரிலுக்குக் கண்ணு தப்பாது' என்று யாரோ சற்று முன்தான் சொல்லியிருந்தார்கள். அந்த வாக்கியம் அவள் முதுகில் இதமான வெயிலாக விழுந்திருந்தது.

"வார்ப்பு" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "சந்தைச் சரக்கு. மன்னிக்கணும்."

கிளிஃபர்ட் பேட்ஜைத் துணியோடு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். வரிசையில் நின்ற எவனோ, "ஆலையில கூட்டிப் பெருக்குனவனுக்கு ரைபிள் எங்கேருந்துடா வந்துச்சு!" என்றான். சிரிப்பு எழுந்தது. பெரில் அடுத்த பேட்ஜைக் கையில் எடுத்துவிட்டாள்.

இப்போது பேருந்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் அந்தச் சிரிப்பைக் கேட்டாள். அன்றைக்குக் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது.

"அன்னிக்கு நான் திருப்பிப் பாக்கல" என்றாள்.

லோர்னா இருக்கையில் திரும்பி அவளை நேராகப் பார்த்தாள். "என்ன?"

"பின்பக்கம் பாக்காமலே சொல்லிட்டேன். இப்பத்தான் பாக்குறேன். அது வார்ப்பு இல்ல. நான் தப்பா சொல்லிட்டேன்."

மழைத் துடைப்பான் இரண்டு தரம் போய் வந்தது.

"அப்பா வீட்டுக்கு வந்ததும் அம்மா போட்ட தையலைப் பிரிச்சாரு" என்றாள் லோர்னா. "ஒவ்வொரு இழையா. குப்பையில போடுன்னு எங்கிட்டக் குடுத்தாரு. எனக்கு மனசு வரல. வளையம் இருக்கே, சாவிக்காவது ஆகட்டும்னு மாட்டுனேன். அதுலேருந்து ரெண்டு நினைவு நாளு போயிடுச்சு. அவரு சதுக்கத்துக்கு வரல. சளியாம். நவம்பர்ல மட்டும் வருது அந்தச் சளி."

"நான் வந்து அவர்கிட்டப் பேசலாமா?"

"எங்கிட்டச் சொன்னதை அவர்கிட்டச் சொல்லுங்க. மூணு மணிக்கு டூட்டி முடியும். வந்துடுங்க." கதவை மூடினாள். "உக்காருங்க. வண்டி கெளம்பணும்."

•

கிளிஃபர்ட் சக்டன் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் இருந்தார். எண்பத்து நாலு வயது. நாற்பது வருடம் ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டவர். கட்டைவிரல்களில் வெள்ளைத் தழும்புகள். பெரிலைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க, அஞ்சு செகண்டு அம்மா."

அந்தப் பட்டப்பெயர் இந்த வீட்டில் இரண்டு வருடமாகப் புழங்குகிறது என்று பெரிலுக்குப் புரிந்தது. சாப்பாட்டு மேசையில், தொலைக்காட்சி முன்னால், அவள் அறியாமல் அவள் இங்கே வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறாள். அதைக் கேட்க அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை. வலிதான் சற்றுத் தாமதமாக வந்தது.

அவள் சுற்றி வளைக்கவில்லை. பேருந்தில் சொன்னதையே மறுபடி சொன்னாள்.

"அன்னிக்கு வார்ப்புன்னீங்க" என்றார் அவர். "இன்னிக்கு வார்ப்பு இல்லைங்கறீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்க? தகர டப்பா மூடின்னா?"

"அப்பா," என்றாள் லோர்னா.

"நீ சும்மா இரு. டீ போடு போ."

"என் வார்த்தையை நீங்க நம்ப வேண்டாம், மிஸ்டர் சக்டன்" என்றாள் பெரில். "உங்க கண்ணை நம்புங்க. ஜன்னலுக்குப் பூசுற பட்டி இருக்கா?"

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ணாடிக்காரன் வீட்டுல வந்து பட்டி இருக்கான்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்."

முதலில் முதுகைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. பள்ளங்களில் மெருகுப் பசை காய்ந்து கல்லாகிக் கிடந்தது. பெரில் தீக்குச்சி முனையை எச்சிலில் நனைத்து ஒரு பள்ளத்தை நெருடினாள். உலோகம் கீறக் கூடாது, அவசரமும் கூடாது. வெள்ளையாக ஓர் அடுக்கு வந்தது, அதன் கீழே பச்சை, அதன் கீழே சிவப்புக் கலந்த ஒரு தூள், அப்புறம் உலோகம்.

"இது என்ன, இத்தனை நெறம்?" என்றாள் லோர்னா, டீயை வைத்துவிட்டு.

"ஒவ்வொருத்தர் ஒவ்வொரு பசை போட்டிருக்காங்க."

"செவப்பு என் தாத்தா" என்றார் கிளிஃபர்ட், தன்னையறியாமல். "செங்கல் தூளும் எண்ணையும் போட்டுத் தேய்ப்பாராம். எங்கப்பா சொல்லுவாரு. அப்பாவுக்கு டப்பாவுல வர்ற பசை. நினைவு நாளுக்கு மொத நாளு, சாயங்காலம் டீ குடிச்சதும் எடுப்பாரு. மொதல்ல துணியில பசை, அப்புறம் வெறுந் துணி, கடைசியில கட்டைவெரலு. எனக்குப் பதிமூணு வயசுல எங்கையில குடுத்தாரு. அன்னிலேருந்து நான்."

பெரில் கையிலிருந்ததை மறந்து அவர் முகத்தைப் பார்த்தாள். தேய்க்காதே. அவளுடைய முதல் விதி. தேய்ந்த பேட்ஜைப் பார்த்தால் சங்கத்தில் எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள். நாசம் பண்ணியிருக்கானுங்க என்பார்கள். இந்த வழவழப்புக்குப் பின்னால் ஒரு வீட்டின் நூற்றுச் சொச்சம் சாயங்காலங்கள் இருந்தன. அவள் அதைத்தான் போலி என்று படித்திருக்கிறாள். அன்பு அதிகமாகிப் போனதன் அடையாளத்தைப் பொய்யின் அடையாளம் என்று படித்துவிட்டாள். எழுபது வயதில் ஒருத்திக்கு இப்படி ஒரு தவறு நேரலாமா என்று அவள் மனம் கேட்டது. எழுபது வயதானதால்தான் நேர்ந்தது என்று அதுவே பதிலும் சொன்னது.

கிளிஃபர்ட் பட்டியை உருட்டினார். ஆளிவிதை எண்ணெய் வாசம் கொட்டகையை நிறைத்தது. அவர் விரல்களுக்கு அந்த வேலை தெரிந்திருந்தது. பிசைந்து, தட்டி, அப்பம்போலத் தட்டையாக்கினார். ஒட்டாமலிருக்கப் பெரில் பேட்ஜின் முதுகில் கொஞ்சம் மைதா மாவைத் தூவி ஊதினாள்.

"நீங்களே அமுக்குங்க" என்றாள். "நான் தொட்டா, நான்தான் எழுதினேன்னு சொல்லுவீங்க."

முதன்முறையாக அவர் வாயோரம் அசைந்தது.

பேட்ஜைப் பட்டியின்மேல் முதுகு கீழாக வைத்து, கண்ணாடியை அதன் சட்டத்தில் பொருத்துகிறவரைப்போல ஓரத்திலிருந்து நடுவுக்கு, சீராக அழுத்தினார். பிறகு நகத்தால் மெல்லத் தூக்கினார்.

மூன்று பேரும் குனிந்தார்கள்.

பட்டியில் ஒரு கிரீடம் நின்றது. அதன் உச்சி தட்டையாக இருந்தது. விக்டோரியா ராணி காலத்துக் கிரீடம். ராஜா காலத்ததாக இருந்தால் உருண்டு மேடாக இருந்திருக்கும். அதன் கீழே, இதழ் இதழாக, ஒரு ரோஜா. அடியில் சுருண்ட பட்டையில் எழுத்துகள். விளிம்பு சற்று மழுங்கியிருந்தாலும் ஒவ்வொன்றும் தெரிந்தது. லோர்னாதான் வாய்விட்டுப் படித்தாள்: "ஏக்கன்ஷா... ரைபிள்... தொண்டர் படை."

கிளிஃபர்ட் எழுத்தைப் பார்க்கவில்லை. தழும்பேறிய விரலை ரோஜாவுக்கு மேலே, தொடாமல், வைத்துக்கொண்டிருந்தார்.

"ரோஜா இருந்துச்சுன்னு அப்பா சொல்லுவாரு" என்றார். "நான் பாத்ததே இல்ல. எனக்கு வெவரம் தெரியறப்பவே அது தேஞ்சு போச்சு. எம்பது வருஷமா இருக்குன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். பாத்ததில்ல."

டீ ஆறியது.

"பேழையில வைக்கப் போற மத்த மூணு ஏக்கன்ஷா பேட்ஜும் ராஜா காலத்தது" என்றாள் பெரில் கடைசியில். "இதுதான் மூத்தது. பித்தளையும் இல்ல, தொண்டர் படைக்குன்னு அடிச்ச வெள்ளை உலோகம். நான் நாளைக்கே எங்க சங்கத் தலைவர் டெஸ்மண்ட்கிட்டச் சொல்லி, ஒரு அட்டை எழுதி—"

"அட்டை யாருக்கு வேணும்?" கிழவர் குரல் உயரவில்லை, ஆனால் கொட்டகை சின்னதாகிவிட்டது. "நீங்க அட்டையில எழுதியா என்னை அனுப்பி வச்சீங்க? வாயால சொன்னீங்க. ஊருக்குக் கேக்கச் சொன்னீங்க. எங்க தாத்தா ஆலையில கூட்டிப் பெருக்குனாரு, உண்மைதான். அந்தச் சம்பளத்துல மிச்சம் புடிச்சுத்தான் சீருடை வாங்குனாரு. ஆலை எரிஞ்சப்ப அங்க இருந்த படையோட பேர்ப் பதிவேடும் எரிஞ்சுது. எங்ககிட்ட மிச்சம் இருந்தது இந்தப் பேட்ஜு ஒண்ணுதான். அதை நீங்க சந்தைச் சரக்குன்னீங்க. கூட்டத்துல சொன்னதைக் கூட்டத்துல திருப்பிச் சொல்லுங்க. அப்ப நான் சதுக்கத்துக்கு வரேன். இல்லைன்னா எனக்குச் சளி."

•

வெள்ளிக்கிழமை பயிற்சிக் கூடத்தில் பேழைக்குள் பச்சை வெல்வெட் விரித்துக்கொண்டிருந்தார் டெஸ்மண்ட் கிராப்ட்ரீ. சங்கத்தின் தலைவர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாளும் பட்டாளத்தில் இருந்ததில்லை என்றாலும் எல்லாரும் அவரை மேஜர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். பெரில் எல்லாவற்றையும் சொன்னாள். பட்டி அப்பத்தையும் காட்டினாள்.

அவர் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். "அருமை" என்றார். அவர் சொன்னது உண்மையான அருமை. நல்ல பேட்ஜைக் கண்டால் அந்த மனிதருக்குக் கண் ஈரமாகிவிடும். "பேழை நடுவுல வச்சிருவோம். நல்ல அட்டையா ஒண்ணு எழுது. பழசைப் பத்தி ஒண்ணும் பேச வேண்டாம்."

"பேசணும், மேஜர்."

"எதுக்கு? யாரு ஞாபகம் வச்சிருக்கா?"

"அவங்க வச்சிருக்காங்க. நான் சொன்னப்ப ஊரே கேட்டுச்சு."

டெஸ்மண்ட் வெல்வெட்டின் ஒரு சுருக்கத்தை நீவினார். "பெரில், நீ அதுல தப்புன்னா ஜனங்க என்ன கேப்பாங்க? அப்ப இந்த நாப்பத்திரண்டும் சரின்னு எப்படி நம்பறதும்பாங்க. உனக்கு மட்டும் இல்ல, சங்கத்துக்கே அசிங்கம். ஊருல நமக்கு இருக்கற ஒரே மரியாதை உன் கண்ணுதான்."

அவர் அதைக் கனிவாகத்தான் சொன்னார். அதனால்தான் அது ஆழமாகப் போனது. இந்தச் சங்கத்தில் சேர்ந்த முதல் வருடம் அவளை டீ போடச் சொன்னார்கள். டெஸ்மண்டே பெருமையாகக் கொண்டுவந்த ஒரு தலைக்கவசத் தகட்டைத் திருப்பிப் பார்த்து, இது போலி என்று அவள் சொன்ன நாளிலிருந்துதான் நாற்காலி கிடைத்தது. கணவன் ட்ரெவர் இறந்தபின், சுவர்க் கடிகாரம் மட்டும் பேசும் வீட்டில், பெரிலுக்குக் கண்ணு தப்பாது என்ற வாக்கியத்தை அவள் சால்வையாகப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அது இல்லாவிட்டால் தான் யார் என்று அவள் கேட்டுப் பார்த்ததே இல்லை. இப்போது கேட்டாள். பதில் உடனே வரவில்லை. ஆனால் கேள்வி நினைத்த அளவுக்குப் பயமாகவும் இல்லை.

"அப்ப நாப்பத்திரண்டையும் எடுங்க" என்றாள்.

"என்னது?"

"திருப்பிப் பாக்கறேன். எல்லாத்தையும்."

அன்று முழுவதும், சனிக்கிழமை மதியம்வரைக்கும், ஒவ்வொன்றாக முதுகைத் திருப்பிப் பார்த்தாள். மூன்றில் காலத்தைத் திருத்தினாள். ஒன்றில் பின்னாளில் யாரோ கொக்கியை மாற்றிப் பற்றவைத்திருந்தது தெரிந்தது; அதையும் எழுதினாள். போலி எதுவும் இல்லை. டெஸ்மண்ட் முதலில் முறுக்கிக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு விளக்கைப் பிடித்தார். சனிக்கிழமை ஒரு மணிக்கு அவர் மனைவி கொடுத்தனுப்பிய இஞ்சிக் கேக்கில் பாதியை வெட்டிப் பெரிலின் பக்கம் தள்ளினார்.

"பிடிவாதக்காரி" என்றார்.

"பர்மிங்காம்காரி" என்றாள்.

•

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்திருந்தது. சதுக்கத்தில் கூட்டம் தோளோடு தோள் நின்றது. எல்லார் கோட்டிலும் சிவப்புக் காகிதப் பூ. எக்காளம் ஊதி, மணிக்கூண்டு பதினொன்று அடித்து, இரண்டு நிமிட மௌனம் விழுந்தது. பெரில் தலைகுனிந்து நின்றாள். கண் மட்டும் ஓரமாகத் தேடியது. கிளிஃபர்ட் எங்கும் இல்லை.

பயிற்சிக் கூடத்தில் டீயும் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் தயாராக இருந்தன. டெஸ்மண்ட் பேசினார், நீளமாகத்தான். பேழையின் துணியை விலக்கினார்கள். கைதட்டல் அடங்குமுன் பெரில் முன்னால் வந்தாள். பேச எழுதிவைத்திருந்த காகிதத்தைக் கைப்பையிலேயே விட்டுவிட்டாள். அப்போதுதான் வாசலருகே லோர்னாவைப் பார்த்தாள். அவள் தோளுக்குப் பின்னால் ஒரு நல்ல கோட்டு, வாரிய தலை. கோட்டின் வலது மார்பு காலியாக இருந்தது.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே கூடத்துல" என்று ஆரம்பித்தாள். "மிஸ்டர் கிளிஃபர்ட் சக்டன் அவங்க தாத்தாவோட பேட்ஜைக் கொண்டுவந்தாரு. நான் அதை டூப்ளிகேட்டுன்னு சொன்னேன். உங்கள்ல நெறையப் பேரு இருந்தீங்க. சில பேரு சிரிச்சீங்க. நான் அதைத் திருப்பிப் பாக்கல. திருப்பிப் பாக்காம வாய் திறக்கக் கூடாதுன்னு, மேசைக்கு மேல தொங்குற இந்த அட்டையில எழுதுனவளே நான்தான். நான் சொன்னது தப்பு. அது அசல். ஏக்கன்ஷா ரைபிள் தொண்டர் படை, ராணி காலத்தது. இந்தப் பேழையில இருக்கற மூணு ஏக்கன்ஷா பேட்ஜையும்விடப் பழசு. அது மழுங்கிப் போனது போலிங்கறதால இல்ல. நூறு வருஷத்துக்கு மேல ஒரு வீட்டுல அதை விடாம தேய்ச்சிருக்காங்க. ஆலையைக் கூட்டிப் பெருக்குன சேத் சக்டன், சொந்தச் சம்பளத்துல சீருடை வாங்கி, யாரும் கூப்பிடாம, தானா போய் நின்னவரு. அவ்வளவுதான் சொல்லணும்."

கூடம் அமைதியாக இருந்தது. வெளியே சதுக்கத்தில் விழுந்த அதே மௌனம் வழி தவறி உள்ளே வந்துவிட்டதுபோல.

"அப்ப பெரிலுக்கும் கண்ணு தப்புமா!" என்றார் சங்கத்தில் ஒருவர், பின்னாலிருந்து.

"தப்பும்" என்றாள் பெரில். "அதனாலதான் திருப்பிப் பாக்கணும்."

சிரிப்பு எழுந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கேட்ட சிரிப்பு இல்லை இது. இதில் இடம் இருந்தது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்போல. யாரோ கைதட்டினார்கள். தட்டியவர்கள் பார்த்தது பெரிலை அல்ல, வாசலை. கூட்டம் தானாக விலகியது. கிளிஃபர்ட் நடந்து வந்தார். அவசரப்படவில்லை. எண்பத்து நாலு வயது முதுகை அவர் எப்படி அவ்வளவு நேராக வைத்துக்கொண்டார் என்று பெரில் பிறகு பல நாள் யோசித்திருக்கிறாள்.

டெஸ்மண்ட் கையை நீட்டினார். "மிஸ்டர் சக்டன், பேழை நடுவுல உங்களுக்குன்னு எடம் விட்டு வச்சிருக்கோம்."

"வேண்டாங்க."

"வேண்டாமா? பத்திரமா இருக்குமே!"

"கண்ணாடிக்குள்ள போயிட்டா யாரு தேய்க்கறது?"

அவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டு மூன்றை எடுத்து மேசையில் வைத்தார்: பேட்ஜ், ஒரு கந்தல் துணி, மெருகுப் பசை டப்பா.

"நேத்துச் சாயங்காலம் தேய்ச்சிருக்கணும்" என்றார் பெரிலிடம். "தேய்க்கல. நீங்க சொல்றீங்களா இல்லையான்னு பாத்துக்கிட்டு விட்டு வச்சேன். இந்த வருஷம் நீங்க தேய்ங்க."

சங்கத்து ஆண்களிடமிருந்து ஒரு முனகல் கிளம்பியது. டெஸ்மண்ட் பல்வலி வந்தவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார். மேசைக்கு மேலே அட்டை தொங்கியது: தேய்க்காதே.

பெரில் அதைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, டப்பாவைத் திறந்தாள்.

முதலில் துணியில் பசை. அப்புறம் வெறுந் துணி. துணி கறுத்தது. பட்டறையில் ஆயிரக்கணக்கான பேட்ஜுகளை அடித்த கைக்கு, ஒன்றைக்கூட இப்படித் தேய்த்துப் பழக்கமில்லை. அவை எந்திரத்திலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து யாரோ ஒருவரின் தொப்பிக்குப் போய்விடும். அந்த யாரோவுக்கு வீடு இருக்கும், சனிக்கிழமைச் சாயங்காலம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. தேய்க்கத் தேய்க்க உலோகம் சூடானது. விரலுக்கடியில் ரோஜா இல்லை. ஆனால் அது எங்கே இருந்தது என்று இப்போது விரலுக்குத் தெரிந்தது.

"கடைசியில கட்டைவெரலு" என்றார் கிளிஃபர்ட்.

கட்டைவிரலால் தேய்த்தாள். ஜன்னல் வெளிச்சம் அதில் வந்து உட்கார்ந்தது.

லோர்னா கைப்பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்தாள். பழைய தையலின் துளைகள் இன்னும் அதில் இருந்தன. பிரித்தபின் கிழவர் அதை எறியவில்லை. உளிகளோடு இழுப்பறையில் வைத்திருந்தார். பேட்ஜின் வளையங்களைத் துணிக்குள் செருகி, பின்னால் ஓர் ஊக்கைக் கோத்தாள்.

"தைக்கலையா?" என்றாள் பெரில்.

"தச்சா திருப்ப முடியாதே" என்றார் கிளிஃபர்ட். "இனிமே எவனாவது சந்தேகப்பட்டா, திருப்பிப் பாத்துட்டுப் பேசட்டும்."

பெரில் அதை வாங்கி அவர் கோட்டின் இடது பக்கம் கொண்டுபோனாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்தினார்.

"வலது பக்கம், கண்ணு. இடது பக்கம், தானே சம்பாதிச்சவனுக்கு. நம்ம ஆளுங்க சம்பாதிச்சதுக்கு வலது."

அவர் போய்க் கூட்டத்துக்கு நடுவில் நின்றார். ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். எதுவும் தெரியாத, வழவழவென்ற ஒரு வெள்ளை வில்லை. "ரோஜா ஒண்ணு இருக்கு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். "பின்னாடி இருக்கு. வேணும்னா பாத்துக்க."

பேழை நடுவில் விட்டுவைத்த வெல்வெட் காலியாக இருந்தது. கைப்பையில் கெட்டிப்பட்டிருந்த பட்டி அப்பத்தை எடுத்துப் பெரில் அங்கே வைத்தாள். புது அட்டை ஒன்றை எடுத்து எழுதினாள்: ஏக்கன்ஷா ரைபிள் தொண்டர் படை, தொப்பி பேட்ஜ், விக்டோரியா ராணி காலம். முதுகிலிருந்து எடுத்த பதிவு. அசல், சேத் சக்டன் வீட்டாரிடம். இன்னும் அணியப்படுகிறது.

எழுதி முடித்தபோதுதான் அட்டை மூலையில் தன் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருப்பதைக் கண்டாள்.

"வேற ஒண்ணு எழுதிடு, பெரில்" என்றார் டெஸ்மண்ட். "அழுக்கா இருக்கு."

"இருக்கட்டும்" என்று சொல்லி, அவள் பேழையை மூடினாள்.